தண்ணிக்கு ஒரு பில்டர்

லாரி எஞ்சினுக்குள் போகிற எல்லாவற்றையும் வடிகட்டித்தான் அனுப்புகிறார்கள். டீசலுக்குப் பில்டர் உண்டு, ஆயிலுக்கு உண்டு, காற்றுக்குப் பெரிய டப்பாவாகவே ஒன்று உண்டு. அப்பாவின் லாரியில் தண்ணீருக்கு மட்டும் எதுவும் கிடையாது. ரேடியேட்டர் மூடியைத் திறப்பார்கள், வாளியால் ஊற்றுவார்கள், மூடுவார்கள், வண்டியை எடுப்பார்கள். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர்ப் பக்கத்தில் லாரி வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற ஊரில் இதனால் பெரிய கெடுதல் வந்துவிடாது. விருதுநகர் மாவட்டத்தில் அது எஞ்சினுக்கு ஊற்றுகிற விஷம். கரிசல் பூமி. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதுவும் ஐப்பசி கார்த்திகையோடு சரி. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் பாதி வருஷத்துக்கு மேல் வெறும் மணல். போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். சிவகாசிக்குக் குடிதண்ணீர் வெம்பக்கோட்டை அணையிலிருந்தும், மானூர் வழியாகத் தாமிரபரணியிலிருந்தும் வந்தாக வேண்டும். முறை வைத்துத்தான் குழாயில் விடுவார்கள். கோடையில் டிராக்டர் வண்டியில் வரும் நல்ல தண்ணியைக் குடம் இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்கிய வீடு எங்களுடையது. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு வைக்க உப்புத் தண்ணி. குடிக்க, உலை வைக்க நல்ல தண்ணி. நல்ல தண்ணிக் குடத்தில் செம்பை விட்டுக் கை கழுவினால் அம்மா விடமாட்டாள். அந்த வீட்டில் நின்றுகொண்டு, ரேடியேட்டருக்கு ரெண்டு குடம் நல்ல தண்ணி வேணும் என்று கேட்க யாருக்கு வாய் வரும்? அப்பா கேட்டதே இல்லை. லாரி செட்டில் இருந்த போர் பைப்பைத் திறந்து ஊற்றுவார்.

இந்தத் தண்ணீரில் கரைந்திருப்பது சோற்றில் போடுகிற உப்பு மட்டுமல்ல. சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைய உண்டு. தண்ணீர் சூடேறினால் சுண்ணாம்பு பிரிந்து, எந்த இடம் அதிகச் சூடாக இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினில் அந்த இடம் சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளைச் சுற்றி இருக்கிறது, அதாவது வெப்பத்தை உடனே வெளியேற்றியாக வேண்டிய இடத்தில். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இந்தப் படிவம் ஏறினால், சில சென்டிமீட்டர் வார்ப்பிரும்பைக் கூடுதலாகச் சுவரில் வைத்துக் கட்டியது போல வெப்பம் உள்ளேயே நின்றுவிடும். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு போகாது. குறைந்த அளவுக்கு மறுபடி உப்புத் தண்ணி ஊற்றுகிறோம். வருஷக் கணக்கில் இதே நடந்தால், எஞ்சினுக்குள் சேருகிற சரக்கைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அது எங்களுக்குத் தெரிய வந்த இடம் புளியரை ஏற்றம்.

மலையாளத்து விஷு ஏப்ரல் நடுவில் வரும். அதற்கு முன்னால் பங்குனி வெயிலில் சிவகாசியிலிருந்து கொல்லம் பக்கத்துக்குப் பட்டாசு லோடு போகும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை. அதுவரை சமதளம், வண்டி சுகமாகப் போகும். புளியரை தாண்டியதும் எஸ் வளைவு, அப்புறம் கோட்டைவாசல் வரை ஏற்றம். செகண்ட் கியரில் மெதுவாக ஏறுகிற வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடைக்காது, விசிறி இழுக்கிற காற்று மட்டும்தான். விடுமுறையில் நான் கூடப் போகும்போது என் வேலை வெப்ப முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவது. முள் சிவப்பைத் தொட்டால் "அப்பா, ஏறுது" என்பேன். அவர் பதில் சொல்ல மாட்டார். எங்கே ஒதுக்கலாம் என்று ரோட்டைத்தான் பார்ப்பார்.

பட்டாசு வண்டியை நினைத்த இடத்தில் ஒதுக்க முடியாது. அருகில் டீக்கடை அடுப்பு இருக்கக் கூடாது, வெல்டிங் பட்டறை இருக்கக் கூடாது, வீடுகள் இருக்கக் கூடாது, யாரும் பீடி பற்ற வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வரக் கூடாது. தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது என்னவென்று தெரிந்தவர் யாரும் அந்த நிறுத்தத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். கல் வைத்து, இரண்டு பக்கமும் தழை ஒடித்துப் போட்டுவிட்டு எஞ்சின் ஆறும் வரை காத்திருப்போம். மூடியைத் தொட அப்பா யாரையும் விடமாட்டார். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அத்தனையும் ஒருசேரக் கொதித்து முகத்துக்குப் பீறிடும். எங்கள் கிளீனர் அண்ணனுக்கு வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வேறொரு வண்டியில் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகியபோது வாங்கியது. ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணியை ஊற்றினாலும் ஹெட் விரிசல் விடும். ஆகவே காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மலை இறங்கி வருகிற கேரளா பஸ்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஊர் திரும்பியதும் ரேடியேட்டர் கடைக்குப் போகும். விருதுநகரில் அதற்கென்றே பட்டறைகள் உண்டு. மேல் தொட்டியின் ஈயப் பற்றை நெருப்புக் காட்டி உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தகட்டு ராடு விட்டு இடிப்பார்கள். செங்கல் நிறத்தில் தண்ணீரும் வெள்ளைச் செதிளும் கொட்டும். மறுபடி பற்று வைத்துத் தருவார்கள். கொஞ்ச மாதம் நன்றாக ஓடும். பிறகு பழைய கதை. ஏனென்றால் சுத்தமானது ரேடியேட்டர்தான். எஞ்சின் பிளாக்கில் தேங்கிய துருவும் செதிளும் அப்படியே இருந்து, மெல்ல உதிர்ந்து, சுத்தம் செய்த குழாய்களில் திரும்ப வந்து அடைக்கும்.

இன்னொரு வைத்தியமும் சொல்வார்கள். "தெர்மோஸ்டாட்டைக் கழத்திப் போடுங்க, தண்ணி தாராளமா ஓடும்." ஊர் முழுக்க இந்த யோசனை புழங்கியது. எனக்கு இதில் சம்மதமே கிடையாது. தெர்மோஸ்டாட் 80 டிகிரியை ஒட்டித் திறந்து எஞ்சினை அதற்குரிய சூட்டில் வைத்திருக்கிற பொருள். அதைக் கழற்றினால் ராத்திரி ஓட்டத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, டீசல் வீணாகும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் அது திறக்கும்போதே பக்கவழியை மூடவும் செய்யும். அதைக் கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றி வரும். சூடு குறையக் கழற்றியது சூட்டைக் கூட்டிவிடும்.

டிப்ளமா முடித்து சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சேர்ந்தேன். 2012 மின்வெட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் கிடையாது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் போட்டுவிட்டால் அதிலிருந்து மார்கழி வரை அச்சகத்துக்கு மூச்சு விட நேரமிருக்காது. அந்த ஆறு மாதமும் மிஷினை ஓட்டியது ஜெனரேட்டர்தான். கம்மின்ஸ் 855, ஆறு சிலிண்டர், 14 லிட்டர். 1962-இல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் கம்மின்ஸ் காலத்திலிருந்து நம் நாட்டில் ஊன்றிப்போன எஞ்சின் குடும்பம் அது. அதன் பக்கவாட்டில் ஆயில் பில்டர் மாதிரியே, ஆனால் சின்னதாக, ஒரு டப்பா தொங்கியது. இரண்டு பக்கமும் மூடுகிற காக்.

சர்வீசுக்கு மதுரையிலிருந்து வந்தவரிடம் கேட்டேன். "வாட்டர் பில்டர், தம்பி" என்றார். தண்ணிக்குமா பில்டர் என்றேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, தன் வேனிலிருந்து ஒரு பழைய லைனரை எடுத்து வந்து காட்டினார். பிஸ்டன் ஏறி இறங்குகிற உருளை அது. வெளிப்பக்கத்தில் குண்டூசி நுழைகிற அளவுக்குத் துளைகள், ஒரே பக்கமாக, மேலிருந்து கீழே. துருப்பிடித்தால் இப்படி வரிசையாக ஓட்டை விழாதே என்றேன்.

அவர் விளக்கியதை அன்று ராத்திரியே நோட்டில் எழுதி வைத்தேன். டீசல் எரியும் ஒவ்வொரு அடிக்கும் பிஸ்டன் பக்கவாட்டில் லைனரைத் தட்டுகிறது. லைனர் அதிர்கிறது. அதைச் சுற்றியிருக்கிற தண்ணீர் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் சுவரை விட்டு விலக, அங்கே நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. அடுத்த கணம் அவை நசுங்கி வெடிக்கின்றன. அந்த அடி இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்து, கடைசியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடுகிறது. இதைத் தடுக்க நைட்ரைட் சேர்ந்த ஒரு மருந்து. லைனர் மேல் மெல்லிய படலம் கட்டி, அடியைத் தான் வாங்கிக்கொண்டு, திரும்பத் திரும்ப வளரும். மருந்து தீரத் தீரச் சேர்க்க வேண்டுமே, அதைத்தான் அந்த பில்டர் டப்பாவுக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள். மருந்து இல்லாத வெற்று பில்டரும் உண்டு. இரண்டுமே தண்ணீரில் மிதந்து வருகிற துரு, செதிள், வார்ப்பு மணல், கேஸ்கெட் ஒட்டிய பசைத் துணுக்கு எல்லாவற்றையும் காகித மடிப்பில் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் லாரிக்கு மருந்து தேவைப்படவில்லை. அந்தக் காகித மடிப்புதான் தேவைப்பட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "கம்பெனிக்காரன் வைக்காததை நீ எதுக்குடா வைக்கணும்?" என்றார். நியாயமான கேள்விதான். வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வந்து, கூலன்ட் எவ்வளவு, எப்படிப்பட்ட தண்ணீர் என்று போட்டிருந்த பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "கம்பெனிக்காரன் போர்த் தண்ணி ஊத்தச் சொல்லலையேப்பா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணாச்சிகிட்ட கேளு, அவர் சரின்னா பாப்போம்" என்றார். அண்ணாச்சி என்றால் சாத்தூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்த எங்கள் மெக்கானிக். அப்பாவுக்கு அவர் சொன்னால் சரி.

அண்ணாச்சி நான் வரைந்த படத்தை எண்ணெய்க் கையோடு வாங்கிப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி. "எங்கிருந்து எடுத்து எங்க விடுறது?" குளிர் நாட்டு வண்டிகளில் கேபினுக்கு ஹீட்டர் இருக்கும். அதற்குப் போகிற ஹோஸை வெட்டி நடுவில் பில்டரை வைத்துவிடலாம். நம் பழைய லாரிகளில் ஹீட்டர் ஏது? தண்ணீரைச் சுற்ற விடுகிற பம்பை வாட்டர் பாடி என்போம். அது தள்ளுகிற பக்கத்தில் அழுத்தம் அதிகம், உறிஞ்சுகிற பக்கத்தில் குறைவு. இந்த வித்தியாசம்தான் தண்ணீரைப் பில்டர் வழியாகத் தள்ளும். பிளாக்கில், தள்ளுகிற பக்கத்தில், வெறுமனே அடைத்து வைத்திருந்த ஒரு பிளக்கை அண்ணாச்சி கண்டுபிடித்தார். அதைக் கழற்றி நிப்பிள் போட்டார். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வாட்டர் பாடிக்கு வருகிற இடத்தில் லேத்தில் கடைந்த ஒரு டி. மொத்தத் தண்ணீரையும் பில்டர் வழியாக அனுப்பக் கூடாது. அடைத்துக்கொண்டால் எஞ்சின் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஒரு சிறு பங்குதான் போய் வர வேண்டும். ஆகவே நிப்பிளுக்குள் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்ட ஒரு பித்தளைத் துண்டைச் சொருகினார். மெல்லப் போனாலும் சுற்றிச் சுற்றி வருவதால் நாளடைவில் எல்லாத் தண்ணீரும் அதற்குள் நுழைந்துதான் ஆக வேண்டும்.

பில்டர் தொங்குகிற தலைப்பாகத்தைக் காயலான் கடையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு ஜெனரேட்டரிலிருந்து வாங்கினேன். எஞ்சினில் மாட்டினால் அதிர்வில் தாங்கி உடையும் என்று அண்ணாச்சி சேசிஸில்தான் மாட்டினார். சைலன்சர் பக்கம் இல்லாமல், மழைச் சேறு அடிக்காத உயரத்தில், வாய் மேலே பார்க்க. இரண்டு பக்கமும் காக் வைத்தோம். மூடிவிட்டால் தண்ணீரை இறக்காமலே பில்டர் மாற்றலாம், வழியில் ஹோஸ் கிழிந்தாலும் இரண்டையும் மூடிவிட்டு வீடு வந்து சேரலாம். பட்டாசு வண்டிக்கு அந்த இரண்டாவது காரணம்தான் பெரிது.

ஆசிட் விட்டு உள்ளே கழுவலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி வேண்டாம் என்று தலையாட்டினார். பழைய எஞ்சினில் பல இடத்தில் ஓட்டையை அடைத்து வைத்திருப்பதே அந்தப் படிவம்தான், ஒரே நாளில் எடுத்தால் பத்து இடத்தில் ஒழுகும் என்றார். வெறும் தண்ணீரில் பலமுறை அலசிவிட்டு, பேட்டரிக் கடையில் கேன் கேனாக டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றினோம். எஞ்சின் சூடேறியதும் அண்ணாச்சி பில்டரைக் கையால் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. உள்ளே காற்று நிற்கிறது. மேல் இணைப்பை லேசாகத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்றும் பின்னாலேயே பச்சைக் கூலன்ட்டும் வந்தன. இறுக்கிவிட்டு மறுபடி தொட்டார். சுட்டது. "ஓடுது, முதலாளி" என்றார் அப்பாவைப் பார்த்து.

முதல் பில்டரைச் சீக்கிரமே மாற்றச் சொல்லியிருந்தார் மதுரைக்காரர். மாற்றினோம். ஹேக்ஸா பிளேடு போட்டு அறுத்தால் இரும்புத் தூளும் கலந்துவிடும், எது உள்ளிருந்து வந்தது என்று தெரியாது. உளியால் விளிம்பைச் சுற்றி வெட்டித் திறந்தோம். காகித மடிப்புகளை விரித்துப் பழைய காலண்டர் அட்டை மேல் வைத்தேன். மடிப்புக்கு மடிப்பு செம்மண் நிறத்தில் சேறு. அதைத் தண்ணீரில் கரைத்து வடித்தால் அடியில் மூன்று வகை நின்றது. கறுப்புத் தூள், காந்தத்தைக் காட்டினால் மொய்த்துக்கொண்டது. கரகரவென்று மணல், காந்தத்துக்கு அசையவில்லை. பிறகு நகத்துணுக்கு அளவில் வெள்ளைச் செதிள்கள், ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் துருவின் நிறம். ஹெட்டின் சுவரிலிருந்து உரிந்து வந்தவை. அடுப்படியிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்து ஒரு செதிளின் மேல் சொட்டு விட்டேன். நுரைத்தது. இன்னொரு சொட்டு. செதிள் கரைந்து குறைவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. சுண்ணாம்பேதான்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இது நம்ம உப்புத் தண்ணி அண்டாவில ஒட்டியிருக்கிறதுல்ல?" என்றாள். ஆமாம், அதேதான். அண்டாவின் உள்பக்கம், குளியலறைக் குழாயின் வாய், வாளியின் விளிம்பு, எல்லா இடத்திலும் இருப்பதுதான். எஞ்சினுக்குள்ளும் இருக்கும் என்று பிறர் சொல்லி நாங்கள் கேட்டது வேறு, அட்டை மேல் கிடந்ததைப் பார்த்தது வேறு. அப்பா ஒரு செதிளை விரலில் எடுத்து நெரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் கேபினுக்குள் இருக்கையின் பின்னால் இருபது லிட்டர் கேன் ஒன்று வந்தது. கலந்து வைத்த கூலன்ட். போர் பைப் பக்கம் வண்டியைக் கொண்டு போவதை நிறுத்திவிட்டார். கிளீனர் அண்ணனிடம், "வழியில தண்ணி கொறஞ்சா கேனத் தொடு, வேற எதையும் தொடாத" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த விஷு லோடுக்குப் புளியரையில் முள் நடுவைத் தாண்டி நின்றதே தவிர சிவப்பைத் தொடவில்லை. இதில் பில்டருக்கு எவ்வளவு, கூலன்ட்டுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கச் சொன்னால், கூலன்ட்டுக்குத்தான் பெரிய பங்கு கொடுப்பேன். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர் பில்டர் போட்டார்கள். போட்டுவிட்டு, இனி எந்தத் தண்ணியும் ஊற்றலாம் என்று நினைத்தார்கள். கரைந்திருக்கிற சுண்ணாம்பைக் காகிதம் பிடிக்காது. அது தண்ணீரோடு தண்ணீராக உள்ளே போய், சூட்டில் பிரிந்து, சுவரில் ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்த பிறகுதான் பில்டருக்கு வேலை. அவர்களுடைய பில்டர்கள் சீக்கிரமே அடைத்துக்கொண்டன, எஞ்சின் முன்போலவே கொதித்தது. பில்டரில் பிரயோஜனமில்லை என்று பட்டறைகளில் பேச்சு பரவியது. அது கேட்கும்போதெல்லாம் எனக்கு மனது பொறுக்காது. தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன்: நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் முதலில், பில்டர் அதற்கு அப்புறம்.

புது எஞ்சினுக்கும் இது தேவைப்படலாம். அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை வந்த போர்டு பிக்கப்புகளின் 6 லிட்டர் டீசல் எஞ்சினில், ஆயிலைக் குளிர்விக்கிற கருவியின் குறுகலான வழிகளில் வார்ப்பு மணலும் கசடும் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் ஹீட்டர் ஹோஸில் வெளிப் பில்டர் மாட்டிக்கொள்வதை அங்கே ஏராளமான சொந்தக்காரர்கள் வழக்கமாக்கிக்கொண்டார்கள். நம் ஊரிலும் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு, புகையைத் திருப்பி எஞ்சினுக்கு அனுப்பும் முன் குளிர வைக்கிற இஜிஆர் கூலர் நிறைய வண்டிகளில் இருக்கிறது. அதற்குள்ளும் தண்ணீர் ஓடுவது குறுகலான வழியில்தான். பழைய பித்தளை ரேடியேட்டருக்குப் பதில் அலுமினியம் வந்துவிட்டது. உப்புத் தண்ணி அதைப் பித்தளையைவிட வேகமாக அரிக்கும், ராடு விட்டு இடிக்கவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

தம்பி வாங்கியிருக்கிற வண்டி அந்த வகை. அதிலும் போடலாமா என்று கேட்டான். வாரண்டி முடிகிற வரை குழாயில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஊற்றியிருப்பது நெடுநாள் தாங்குகிற புதுவகைக் கூலன்ட். மருந்து வைத்த பில்டரை அதோடு சேர்க்கக் கூடாது, வெற்று பில்டர்தான். கேபினுக்கு ஹீட்டர் வந்திருக்கிறது. ஆகவே பிளாக்கில் பிளக் தேட வேண்டியதில்லை, ஹீட்டருக்குப் போகிற ஹோஸிலேயே டி போட்டுவிடலாம். காக் மட்டும் இரண்டு பக்கமும் கட்டாயம் வேண்டும்.